அக்காவின் எடை நோட்டு

அக்காவை முதல் முறையாக நெல் மில் தராசில் உட்கார வைத்து எடை போட்டது 1969ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஐம்பத்தொரு கிலோ. அன்று மேகமூட்டமாக இருந்ததென்றும், மில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்றும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எதையும் நாள் குறித்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பது, படித்து முடித்த நாளை அட்டையின் உள்பக்கம் குறிப்பது, முதல் மழை பெய்த நாளைக் குறிப்பது என்று அது வளர்ந்துகொண்டே போனது. அக்காவுக்காகப் போட்ட நோட்டு இவை எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே அக்கா வீடு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்ததே அக்காவும் மாமாவும்தான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமாவுக்கு நாலு ஏக்கர் நெல் நிலம், ஒரு கிணறு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, பொன்னேரியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அக்காவுக்கு முப்பத்தாறு.

சின்ன வயதில் அவளுக்கு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். படுத்தால் இருமல். சாயங்காலமானால் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். பொன்னேரியில் ஒரு டாக்டர் இருந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், இரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவர்தான் வைத்தியம் பார்த்தார். தினமும் காலையில் டிஜாக்சின் என்ற மிகச் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று, இதயம் நிதானமாகவும் அழுத்தமாகவும் அடிப்பதற்கு. வாரம் ஒரு முறை இடுப்பில் பாதரசம் கலந்த ஊசி, உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதற்கு. ஊசி போட்ட நாளில் அக்கா பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து போவாள்.

மருந்தோடு அவர் சொன்ன இன்னொன்று உப்பு.

"உப்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும்மா. நான் ஊசி போட்டு எறைக்கிறேன், நீ உப்பப் போட்டு ரொப்பாத. ஒரு கல்லுகூட வேணாம்" என்றார். மாமாவும் நானும் பக்கத்தில் நின்று கேட்டோம். உடம்பில் நீர் சேர்கிறதா வடிகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடைதான் சொல்லும், வாரம் இரண்டு முறையாவது எடை போட்டு எழுதி வா என்று என்னிடம் சொன்னார். நாடி பார்த்து எண்ணவும் கற்றுக் கொடுத்தார். ஒரு நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே போனால் உடனே வந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆளை எடை போடும் தராசு எங்கே இருக்கிறது? கூட்டுரோட்டு நெல் மில்லில் மூட்டை நிறுக்கும் தராசுதான். செவ்வாயும் வெள்ளியும் மாட்டு வண்டியில் அக்காவை அங்கே கொண்டு போவோம்.

மில்லில் எடை போடுகிறவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுவார். கிலோ வந்து அத்தனை வருஷமாகியும் மணங்குக் கணக்கில்தான் சொல்லுவார்.

"இன்னா நைனா, மூட்ட ஏறிக்கீதா எறங்கிக்கீதா?" என்று என்னைக் கேட்டார் ஒரு நாள்.

"ஏறினா உனுக்கு இன்னா? அரைக்கவா போற?" என்றாள் அக்கா தராசில் உட்கார்ந்தபடியே. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அந்தத் தராசில் உட்காருவது வெட்கமாக இருந்தது. அதை அப்படிப் பேசித்தான் மறைத்தாள்.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கட்டம் போட்டேன். தேதி, எடை, நாடி, குடித்த தண்ணீர், கழித்த சிறுநீர், மருந்து, உப்பு. ஏழாவது கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே சொல்தான், 'இல்லை'. முதல் பத்து நாள் மாமாவைக் கேட்டு எழுதினேன். சமையல் அவர்தான் செய்தார், அக்காவால் அடுப்பருகே நிற்க முடியாது. "உப்பு போடலியே மாமா?" என்பேன், "போடல மச்சான்" என்பார். தினமும் ஒரே கேள்வி, ஒரே பதில். புரட்டாசி பிறந்தபோது புதுப் பக்கத்துக்குக் கோடு கிழித்தேன். கையோடு கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை மாதம் முழுவதற்கும் 'இல்லை' என்று எழுதி முடித்தேன். எழுத்து ஒரே சீராக, ஒரே மையில் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படியே செய்தேன்.

டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் பிடித்துப் போயிற்று. ஒரு தடவை வேறொரு நோயாளியின் மகனிடம் அதைத் திருப்பிக் காட்டி, இப்படி எழுதிக் கொண்டு வந்தால் நான் ஏன் திட்டப் போகிறேன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனால் எடை இறங்கவில்லை. ஐப்பசியில் ஐம்பத்து மூன்று. டாக்டர் வாரத்துக்கு இரண்டு ஊசியாக்கினார். கார்த்திகையில் டிஜாக்சின் ஒன்று ஒன்றரையாயிற்று. மார்கழியில் ஐம்பத்து நாலு. அக்காவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு வந்தது. சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் நீர் வடியவில்லை போலிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த நிலையில் பாதரச ஊசி கூடாது என்று நிறுத்திவிட்டு, ஃப்ரூஸ்மைடு என்ற புது மாத்திரையை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். தையில் தினமும் ஒன்று. மாசியில் இரண்டு. ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது. உப்பே இல்லாமல் இத்தனை மருந்துக்கும் அசையாத உடம்பை அவர் பார்த்ததில்லை என்றார். நோட்டை ஒரு தடவை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஏழாவது கட்டத்தின் மேல் விரல் ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்படி அதில் என்ன இருந்தது?

பங்குனியில் ஒரு நாள் அலுவலகத்தில் பாதி நாளோடு வேலை முடிந்து, பகலிலேயே வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, இருப்புச் சட்டியில் மாமா எதையோ வறுத்துக்கொண்டிருந்தார். படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் உப்பு.

"யாருக்கு மாமா இது?"

"உங்க அக்காவுக்குத்தான். வறுத்த உப்பு மச்சான். பச்ச உப்பு அவ சோத்துல ஒரு கல்லு போடறதில்ல."

அவர் முகத்தில் மறைக்கிற சாயலே இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் பத்தியக்காரனுக்கும் வறுத்த உப்புதான் போடுவார்கள், வறுத்தால் அதன் கெடுதல் போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. ஆனால் மாமா வெறும் நம்பிக்கையில் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தார்.

"மழ நாள்ல ஜாடியில கீற பச்ச உப்பு தண்ணி உட்டுக்கினு கெடக்குதா இல்லியா? வறுத்தத வெச்சுப் பாரு, பொலபொலன்னு கீது. டாக்டரு இன்னா சொன்னாரு? உப்பு தண்ணியப் புடிக்குதுன்னாரு. தண்ணி புடிக்கிறதத்தான் வறுத்து எடுத்துடறேனே."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆவணியிலிருந்தே என்றார். நான் தினமும் கேட்டபோது 'போடல' என்று சொன்னது பச்சை உப்பை நினைத்து. அக்காவின் சோறு தனிப் பானை, எனக்கும் அவருக்கும் வேறு பானை. ஒரு நாள் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

வறுத்தாலும் உப்பு உப்புதான், உடம்புக்குள் போனால் மறுபடி தண்ணீரைப் பிடிக்கும் என்று அவருக்கு விளங்கச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. விளங்கியதும் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் கொட்டினார். திரும்பி வந்து கை கழுவினார். அன்று சாயங்காலம் உப்பில்லாத கஞ்சியை ஒரு வாய் வைத்ததும் அக்கா கிண்ணத்தை நகர்த்தினாள். "இன்னாய்யா இது, செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?" என்றாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாயாவது என்று கெஞ்சி ஊட்டினார்.

நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். போகவில்லை. இருநூறுக்கு மேற்பட்ட 'இல்லை'களை நான் கேட்காமலே எழுதினேன் என்று அவர் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்துப் பார்க்க வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் எடை இறங்கிவிடும், அவர் சந்தோஷப்படுவார், பழையதைப் பேச வேண்டிய தேவையே வராது என்று கணக்குப் போட்டேன். காலையில் டிஜாக்சின் ஒன்றரை, ஃப்ரூஸ்மைடு இரண்டு, எழுதியபடியே கொடுத்துவந்தேன். நாள் தவறவில்லை.

எடை இறங்கியது. மூன்றாம் நாள் ஐம்பது. ஏழாம் நாள் நாற்பத்தெட்டு. பத்தாம் நாள் நாற்பத்தாறு. மில்காரர் கல்லை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார்.

"மூட்டைய எவனாச்சும் அவுத்து உட்டுட்டானா நைனா?"

மாமா வண்டியில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அக்காவின் கணுக்கால் எலும்பு தெரிந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. ஆனால் அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள், நாக்கு வறள்கிறது என்றாள். அதையும் எழுதினேன். அவை என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நாடி அறுபத்திரண்டு. அறுபதுக்கு மேல் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாத்திரை கொடுத்துச் சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். மாமா வெறும் சோற்றைக் குழைத்துக் கொண்டு வந்தார்.

"சோத்துல எதுக்குய்யா மஞ்சளக் கொட்டிக்கீற?" என்றாள்.

சோறு வெள்ளையாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "உன் சட்டைகூட மஞ்சளா கீது தம்பி" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, மஞ்சள் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் மூன்று நாளில் சரியாகும் என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்து எண்ணினேன். நாற்பத்தாறு. அதுவும் ஒழுங்காக இல்லை. இரண்டு அடிக்கும், ஒன்றை விட்டுவிடும், அப்புறம் அவசரமாக ஒன்று அடிக்கும். உடனே பொன்னேரிக்குக் கிளம்பினோம். கூட்டுரோடுவரை வண்டி, அங்கிருந்து பஸ். அக்கா மாமாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடி வந்தாள்.

டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். விழி வெள்ளையாகவே இருந்தது. நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். காமாலை இல்லை, டிஜாக்சின் நஞ்சாகிவிட்டது, எல்லாம் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான் என்றார். பிறகு நோட்டைக் கேட்டார்.

"மருந்து மாறல. அளவு மாறல. ஏழு மாசம் அசையாத எடை பத்து நாள்ல ஏழு கிலோ எறங்கியிருக்கு. நீங்க எதை மாத்தினீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுதான் அவர் பார்வையில் இருந்தது.

"உப்ப நிறுத்திட்டோம் சார்" என்றேன்.

"எப்பவும் இல்லன்னுதானே எழுதியிருக்க?"

வறுத்த உப்பைப் பற்றிச் சொன்னேன். மாதப் பிறப்பில் கட்டத்தை மொத்தமாக எழுதி வைத்ததையும் சொன்னேன். நோட்டை மூடி மேஜையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"உப்பு உள்ள போறது தெரிஞ்சிருந்தா இவ்வளவு மாத்திரை எழுதியிருக்க மாட்டேன். போகட்டும், அது தெரியாம நடந்தது. நிறுத்தின அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே பாதியாக் குறைச்சிருப்பேன்."

அவர் விளக்கியது இது. அந்தப் புது மாத்திரைகள் தையிலிருந்து உப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. எதிரில் உப்பு இல்லாமல் போனதும் மொத்த பலத்தோடு நீரை இறைத்துவிட்டன, நீரோடு பொட்டாசியமும் போய்விட்டது. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜாக்சின் விஷம் போல வேலை செய்யும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம், அது ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது. முறிவு மருந்து எதுவும் அவரிடம் இல்லை. தானாகத்தான் போக வேண்டும். மெட்ராஸுக்குக் கொண்டு போகலாமா என்று மாமா கேட்டார். இந்த நாடியோடு அத்தனை தூரம் அசைக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

அந்த இரண்டு கட்டிலில் ஒன்றில் அக்கா மூன்று நாள் கிடந்தாள். எல்லா மாத்திரையும் நிறுத்தப்பட்டன. பொட்டாசியம் கலந்த கரைசலை மணிக்கு ஒரு தேக்கரண்டி, சிறுநீர் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். அதிகமானாலும் இதயம் நின்றுவிடுமாம். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்து நாலு. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. ஒவ்வொரு எண்ணையும் எண்ணி முடித்த பிறகுதான் எழுதினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மாமா வெளியே போயிருந்தபோது அக்கா கண் திறந்தாள்.

"டாக்டரு உன்னத் திட்டினாரா?"

"இல்லக்கா."

"உங்க மாமாவ?"

"இல்ல."

"அவர நீ ஒண்ணும் சொல்லாத. உப்பில்லாம எறங்கலன்னு நான்தான் அழுதேன். என் அழுவையப் பாக்க மாட்டாமத்தான் அந்த மனுசன் சட்டிய எடுத்தாரு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நீயுந்தான் நாலெழுத்துப் படிச்சவன். ஒரு வாய் துன்னு பாத்தியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலை ஐம்பத்தெட்டு. ஆறாம் நாள் அறுபத்தாறு, ஒழுங்காக. சுவர் வெள்ளையாகத் தெரிகிறது என்றாள்.

பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. டிஜாக்சின் அரை மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள். ஃப்ரூஸ்மைடு ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உப்பில்லாத உடம்புக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. நாற்பத்தேழு கிலோவில் எடை நின்றது. அக்கா எழுந்து நடமாடினாள், அடுப்பருகே பலகை போட்டு உட்கார்ந்து மாமாவை அதிகாரம் செய்தாள். மாமா தனிப் பானையை எடுத்துவிட்டார். ஒரே பானை, உப்பில்லாத சோறு, மூன்று பேருக்கும். எனக்குப் பழக நாலு மாதம் ஆயிற்று.

ஆனால் சிறுநீரகம் திரும்பவில்லை. மெட்ராஸுக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்ததில் யூரியா தடவைக்குத் தடவை ஏறியே வந்தது. கடைசி வருஷம் மருந்து கொடுத்தால் சிறுநீரகம் தாங்கவில்லை, கொடுக்காவிட்டால் நெஞ்சில் நீர் கோத்தது. டாக்டர் கால் மாத்திரைக் கணக்கில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். 1972 கார்த்திகையில் ஒரு மழை நாளில் அக்கா இறந்தாள். முப்பத்தொன்பது வயது.

ஒரு மாதம் கழித்து, மிச்சமிருந்த மாத்திரைகளை வேறு யாருக்காவது உதவட்டும் என்று டாக்டரிடம் கொண்டு போனேன். அப்போது கேட்டேன், அந்த ஏழு மாத உப்பும், அதற்காக ஏற்றிய ஊசியும்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தனவா என்று. இதயம் பலவீனமானால் சிறுநீரகமும் தானே கெடும், பாதரச ஊசியும் கெடுத்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். பிறகும் பல வருஷம் கன்னிமாரா நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர் சொன்னதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கே போய் வந்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

"உப்புனாலதானா மச்சான்?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தெரியாதுன்னாரு மாமா" என்றேன்.

"அப்ப இருக்கலாம்."

"இருக்கலாம். நான் போய்ச் சொல்லாம இருந்த பத்து நாளாவும் இருக்கலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்று மேட்டில் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.